முதியோர் உணவும் இரத்த அழுத்தமும்

(ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய முகாமில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கிராம முன்னேற்றம் என்றதும் சாலை, குடிநீர், பள்ளிக்கூடம், பாசனம் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. இவை யாவும் இன்றியமையாதவை. எனினும் இவற்றை அநுபவிக்க வேண்டிய மனிதரின் உடல்நலமும் கிராமத்தின் சொத்தே என்பதை நாம் மறந்துவிடலாகாது. அதிலும் முதியோரின் நலம் தனிச் சிறப்புடையது. எந்த மண்ணில் எந்தப் பயிர் நிற்கும், ஊற்று எங்கே இருக்கிறது, எந்த வாய்க்கால் எப்பொழுது தூர்ந்தது என்பனவற்றை அறிந்தவர்கள் அவர்களே. பேரக் குழந்தைகளை வளர்ப்பவர்களும் அவர்களே.

இத்தகைய பெரியவர் ஒருநாள் வாய் கோணி, ஒரு கையும் காலும் செயலிழந்து படுத்துவிட்டால் குடும்பமே நிலைகுலைகிறது. அவரைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேலையை விட்டு வீட்டில் இருக்க வேண்டியதாகிறது. வைத்தியச் செலவுக்காக மாடு விற்கப்படுகிறது. சில வீடுகளில் நிலமும் ஈடு வைக்கப்படுகிறது. இந்தப் பக்கவாதத்திற்கு மிகப் பெரிய காரணம் இரத்த அழுத்த மிகுதியே. அதைக் கட்டுக்குள் வைப்பதற்கு மருந்து ஒரு வழி. மற்றொரு வழி நம் வீட்டு அடுப்பங்கரையிலேயே இருக்கிறது. அந்த வழியைப் பற்றியே இன்று உங்களுடன் கலந்து பேச விரும்புகிறோம்.

இரத்த அழுத்தம் என்பது யாது?

கிணற்றிலிருந்து பம்பு செட்டு நீரை இறைத்துக் குழாய் வழியே வயலுக்குத் தள்ளுவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். குழாயின் உட்சுவரை நீர் அழுத்திக்கொண்டே செல்கிறது. நம் இருதயமும் அத்தகைய பம்பே. அது சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது இரத்தக் குழாய்ச் சுவரில் ஏற்படும் அழுத்தம் மேல் எண். அது தளர்ந்து ஓய்வு கொள்ளும்போது எஞ்சி நிற்கும் அழுத்தம் கீழ் எண். மருத்துவர் 120/80 என்று எழுதுவது இந்த இரண்டையுமே. வெவ்வேறு நாட்களில் அளந்து பார்த்தும் மேல் எண் 140 அல்லது அதற்கு மேலும், அல்லது கீழ் எண் 90 அல்லது அதற்கு மேலும் இருந்தால் அது இரத்த அழுத்த மிகுதியாகும்.

இளமையில் நம் இரத்தக் குழாய்கள் புதிய ரப்பர்க் குழாயைப் போல நெகிழ்ந்து கொடுக்கின்றன. வயது ஏற ஏற அவை விறைத்துப் போகின்றன. விறைத்த குழாயில் அதே அளவு நீரைத் தள்ளினாலும் அழுத்தம் கூடுதலாகவே இருக்கும். ஆகவேதான் முதியோர் பலருக்குக் கீழ் எண் சரியாக இருக்க, மேல் எண் மட்டும் உயர்ந்து நிற்கிறது. "வயதானால் பிரஷர் இருக்கத்தான் செய்யும், அதற்கு என்ன செய்வது?" என்று நம்மவர் கூறுவதுண்டு. வயதானால் அது கூடும் என்பது உண்மையே. ஆனால் அதனால் தீங்கில்லை என்று கருதுவது தவறு. பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகக் கேடு ஆகிய மூன்றையும் அது வளர்க்கிறது.

இந்நோய்க்குப் பெரும்பாலும் அறிகுறி கிடையாது. தலைவலியும் மயக்கமும் வந்தால் தெரியும் என்று காத்திருப்போர் ஏமாந்துபோவர். 2020ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் நடத்தப்பெற்ற ஆய்வில், வயது வந்தோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இரத்த அழுத்த மிகுதி இருப்பது கண்டறியப்பட்டது. அவர்களுள் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை.

உப்புக்கும் அழுத்தத்திற்கும் உள்ள தொடர்பு

உப்பை இழித்துக் கூற நாம் வரவில்லை. 1930ஆம் ஆண்டில் திருச்சியிலிருந்து வேதாரணியத்திற்கு இராஜாஜி தலைமையில் தொண்டர்கள் நடந்து சென்றது உப்புக்காகவே. ஏழையின் உணவுக்கு ருசி தருவது அதுவே. உடலுக்கு அது தேவையுங்கூட. தேவை எவ்வளவு என்பதே இங்கு கேள்வி.

உப்பில் உள்ள சோடியம் என்னும் பொருள் இரத்தத்தில் கலந்ததும் நீரைத் தன்னிடம் இழுத்துக்கொள்கிறது. மிகுந்த சோடியத்தைச் சிறுநீரகங்கள் வெளியேற்ற வேண்டும். வடிகால் நன்றாக இருக்கும் வயலில் பெருமழை பெய்தாலும் தண்ணீர் தேங்காது. வடிகால் தூர்ந்த வயலில் சிறு மழைக்கும் தண்ணீர் நிற்கும். முதுமையில் சிறுநீரகங்களின் வேகம் குறைவது வடிகால் தூர்வதை ஒத்ததே. ஆகையால் இளைஞனின் உடல் ஒருவாறு சமாளித்துவிடும் உப்பு, முதியவரின் உடலில் தங்கி அழுத்தத்தை உயர்த்துகிறது.

இதில் மற்றொரு சங்கடமும் இருக்கிறது. வயதானவர்களுக்கு நாவின் சுவையுணர்வு மங்குகிறது. வீட்டார் அனைவருக்கும் சரியாக இருக்கும் குழம்பு அவர்களுக்குச் சப்பென்று தோன்றுகிறது. உடனே இலையில் உப்பு வைக்கச் சொல்கிறார்கள், ஊறுகாய் கேட்கிறார்கள். எவருக்கு உப்பு குறைவாகத் தேவையோ, அவரே அதை மிகுதியாக நாடும் நிலை ஏற்படுகிறது. இது அவர்கள் குற்றமன்று, முதுமையின் இயல்பு.

வீட்டுக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

வயது வந்த ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அஃதாவது, தலை தட்டிய ஒரு சிறு தேக்கரண்டிக்கு மேற்படலாகாது. 2017-18ஆம் ஆண்டில் நம் நாடு முழுதும் நடந்த ஆய்வு ஒன்று, இந்தியர் சராசரியாக நாள்தோறும் 8 கிராம் உப்பு உண்பதாகக் காட்டியது.

விவசாயிகள் கணக்கில் வல்லவர்கள். ஆகவே உங்கள் வீட்டுக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். வீட்டில் பெரியவர்கள் 5 பேர் இருக்கிறார்கள் என்று கொள்வோம். ஆளுக்கு 5 கிராம் வீதம் நாளொன்றுக்கு 25 கிராம். 30 நாட்களுக்கு 750 கிராம். அஃதாவது, மாதத்திற்கு முக்கால் கிலோ. சமையல், ஊறுகாய், வற்றல், கருவாடு ஆகிய எல்லாவற்றின் மூலமும் உள்ளே செல்லும் உப்பு இந்த முக்கால் கிலோவுக்குள் அடங்கவேண்டும். உங்கள் வீட்டில் மாதம் எத்தனை பாக்கெட்டு உப்பு வாங்குகிறீர்கள்? மீன் கழுவவும் பாத்திரம் துலக்கவும் செலவாவதைக் கழித்துவிட்டு, எஞ்சியதைத் தலைக்கணக்கில் வகுத்துப் பாருங்கள். விடை பலரை வியப்பில் ஆழ்த்தும்.

உப்பு எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்பதையும் அறிய வேண்டும். சோறு வடிக்கும்போது போடும் உப்பு, பழைய சோற்றுக்குப் போடும் உப்பு, மோர் மிளகாய், அப்பளம், வடகம், ஊறுகாய், கருவாடு, உப்புக்கண்டம் ஆகியவை நாம் அறிந்தவை. டீக்கடையில் வாங்கும் மிக்சரும் காராபூந்தியும் பிஸ்கட்டும் இக்கணக்கில் சேர்ந்தவையே. அஜீரணத்திற்காகத் தண்ணீரில் கலந்து குடிக்கும் சோடா உப்பிலும் சோடியம் இருக்கிறது.

இவ்விடத்தில் சில ஐயங்கள் எழும். முதலாவது, "வெயிலில் உழைப்பவன் வியர்வை சிந்துகிறான், அவனுக்கு உப்பு வேண்டாமா?" என்பது. வியர்வையில் உப்பு வெளியேறுவது உண்மை. ஆனால் நாள்தோறும் வெயிலில் உழைக்கும் உடல் வியர்வையில் உப்பைச் சிக்கனமாக விடவும் பழகிக்கொள்கிறது. அன்றியும் நாம் பேசுவது பெரும்பாலும் திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களைப் பற்றி. ஏர் பிடித்த காலத்து உப்பு, ஏரை மகனிடம் ஒப்படைத்த பிறகும் தொடர வேண்டியதில்லை.

இரண்டாவது, "இந்துப்பு சாப்பிட்டால் அழுத்தம் ஏறாது" என்பது. இந்துப்பும் கல் உப்பும் தூள் உப்பும் பெரும்பாலும் ஒரே பொருளே. எல்லாவற்றிலும் சோடியம் இருக்கிறது. மேலும் அயோடின் சேர்க்காத உப்புக்கு மாறினால் அடுத்த தலைமுறையின் அறிவு வளர்ச்சிக்கு ஊறு நேரும். ஆகவே உப்பு அயோடின் கலந்ததாகவும் இருக்கட்டும். அளவில் குறைந்ததாகவும் இருக்கட்டும்.

மூன்றாவது, "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்னும் பழமொழி. நாம் உப்பே இல்லாத பண்டத்தைக் கேட்கவில்லை. நாவின் ருசி பழக்கத்தைப் பொறுத்தது. சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டு வந்தால் சில வாரங்களில் குறைந்த உப்பே போதுமானதாகத் தோன்றும். பழைய அளவு கரிக்கும். புளி, எலுமிச்சை, மிளகு, சீரகம், பூண்டு, இஞ்சி, கொத்தமல்லி ஆகியவற்றைக் கொண்டு சுவை கூட்டும் கலையில் நம் தாய்மார்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

600 கிராமங்கள் காட்டிய வழி

இவை யாவும் ஏட்டுச் சுரைக்காயா, நடைமுறைக்கு உதவுமா என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடையாகச் சீன தேசத்தின் கிராமங்களில் நடந்த ஒரு பெரிய சோதனையை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

வட சீனாவின் 5 மாகாணங்களில் 600 கிராமங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அங்கும் நம்மைப் போலவே மக்கள் உண்ணும் உப்பில் பெரும்பகுதி வீட்டுச் சமையலில்தான் சேர்கிறது. முன்னரே பக்கவாதம் கண்டவர்கள், அல்லது 60 வயதைக் கடந்து இரத்த அழுத்தம் கட்டுக்கு அடங்காதவர்கள் என 20,995 பேர் இச்சோதனையில் சேர்க்கப்பட்டனர். 300 கிராமங்களில் அவர்கள் வீட்டுச் சமையலுக்கு வேறு வகை உப்பு இலவசமாக வழங்கப்பட்டது. அதில் நான்கில் மூன்று பங்கு சாதாரண உப்பு. ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு. மற்ற 300 கிராமங்களில் மக்கள் வழக்கமான உப்பையே பயன்படுத்தினர். சற்றேறக்குறைய 5 ஆண்டுக் காலம் இவ்வாறு நடந்தது.

முடிவு 2021ஆம் ஆண்டில் வெளியாயிற்று. வழக்கமான உப்பை உண்ட கிராமங்களில் ஆண்டுக்கு ஆயிரம் பேரில் ஏறத்தாழ 34 பேருக்குப் பக்கவாதம் நேர்ந்தது. மாற்று உப்பை உண்ட கிராமங்களில் 29 பேருக்கே நேர்ந்தது. ஆயிரம் பேரில் ஆண்டுதோறும் இறந்தவர்கள் முன்னதில் ஏறத்தாழ 45 பேர். பின்னதில் 39 பேர். மருந்தை மாற்றவில்லை, பெரிய மருத்துவமனை கட்டவில்லை. பானையில் விழும் உப்பை மாற்றியதொன்றே இத்தனை உயிர்களைக் காத்தது.

நம் நாட்டிலும் தெலங்கானாவின் 7 கிராமங்களில், இரத்த அழுத்த மிகுதியுள்ள 502 பேரைக் கொண்டு இதே போன்ற சோதனை ஒன்று நடந்தது. 3 மாதங்களில் மேல் எண் சராசரியாக 4.6 அளவு குறைந்தது. உலக சுகாதார நிறுவனமும் 2025ஆம் ஆண்டு ஜனவரியில், பொட்டாசியம் கலந்த சோடியம் குறைந்த உப்பை வீட்டுச் சமையலுக்குப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தது. நம் மாநிலத்தில் 2014ஆம் ஆண்டு தமிழ்நாடு உப்புக் கழகம் விற்பனைக்குக் கொண்டுவந்த மூவகை உப்பில் சோடியம் குறைந்த உப்பும் ஒன்று என்பதை நினைவுகூர்தல் தகும்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. முதியவருக்கென்று தனியாக உப்பில்லாக் குழம்பு வைத்துப் பத்தியம் போடுவது நிலைக்காது. தனிக் கிண்ணம் கண்டதும் அவர் மனம் நோகும். சமைப்பவருக்கும் இரட்டை வேலை. இரண்டு வாரத்தில் பத்தியம் முறிந்துவிடும். சீனக் கிராமங்களில் மாறியது வீட்டின் பொதுப் பானை. அங்ஙனம் மாறியதால் பெரியவர் மகனோடும் பேரனோடும் ஒரே குழம்பை உண்டார். நம் வீடுகளிலும் பொதுப் பானையில் உப்பைக் குறைப்பதே வழி. இன்று பெரியவருக்கு நன்மை செய்வது, நாளை அவர் மகனுக்கும் நன்மை செய்யும்.

ஓர் எச்சரிக்கை

பொட்டாசியம் கலந்த உப்பு எல்லோருக்கும் ஏற்றதன்று. சிறுநீரக நோயுள்ளவர்களுக்கு அது இரத்தத்தில் தேங்கி இருதயத்திற்கே கேடு செய்யக்கூடும். இரத்த அழுத்தத்திற்கென்று கொடுக்கப்படும் மாத்திரைகளுள் சிலவும் பொட்டாசியத்தை உடலில் நிறுத்திவைக்கும் இயல்புடையவை. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அவ்வுப்பு பரிந்துரைக்கப்படவில்லை. ஆகையால் வீட்டில் இத்தகையோர் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் அதை வாங்கலாகாது. சாதாரண அயோடின் உப்பையே குறைத்துக்கொள்வது அவ்வீட்டிற்கு ஏற்ற வழி.

இலையில் சேர வேண்டியவை

குறைப்பதைப் பற்றியே பேசினால் போதாது. கூட்ட வேண்டியவையும் உண்டு. காய்கறி, பழம், கொழுப்புக் குறைந்த பால் பொருள் ஆகியவை மிகுந்த உணவு, இரத்த அழுத்த மிகுதி உள்ளவர்களின் மேல் எண்ணைச் சராசரியாக 11 அளவு வரை குறைத்தது என்று 1997ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சி ஒன்று காட்டியது. காய், கீரை, பழம், பயறு ஆகியவற்றில் இயற்கையாகவே உள்ள பொட்டாசியம் சோடியத்தை வெளியேற்றத் துணை செய்கிறது.

இதற்காக ஆப்பிளும் திராட்சையும் வாங்க வேண்டியதில்லை. வேலியோரத்து முருங்கைக் கீரை, கொல்லையில் விளையும் வாழைத்தண்டும் வாழைப்பூவும், சுரை, பீர்க்கு, புடல், பூசணி, மொச்சை, தட்டைப்பயறு, கொய்யா, பப்பாளி, வாழைப்பழம் இவையே போதும். மோரை உப்பின்றிச் சீரகமும் கறிவேப்பிலையும் தட்டிப்போட்டுக் குடிக்கலாம். பல் இல்லாதவர்களுக்குக் கீரையையும் பயறையும் குழைய வேகவைத்து மசித்துக் கொடுக்கலாம். சிறுநீரக நோயாளிகள் மட்டும் இவற்றின் அளவையும் மருத்துவரைக் கேட்டே கொள்ள வேண்டும்.

இங்கே நம் மனத்தைத் தொட வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தனித்து வாழும் மூதாட்டி ஒருத்தி நாள்தோறும் என்ன உண்கிறாள் என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? ஒருத்திக்காக உலை வைப்பானேன் என்று ஒரு வேளை வடித்து மூன்று வேளையும் உண்கிறாள். காய் வாங்கப் பணமில்லை. தொட்டுக்கொள்ள ஊறுகாயும் கருவாடுமே. அவளிடம் "உப்பைக் குறை" என்று சொன்னால், அவள் இலையில் எஞ்சுவது வெறுஞ் சோறுதான். அவளுக்கு அறிவுரை பயன்படாது. அண்டை வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் கீரை மசியல் செல்ல வேண்டும். சாப்பாடு குறைந்து மெலிந்து வரும் முதியோருக்கு உணவைக் கூட்டுவதே முதல் கடமை என்பதையும் மனத்திற்கொள்ள வேண்டும்.

மருந்தைப் பற்றிச் சில சொற்கள்

உணவைத் திருத்தியதும் மருந்தை நிறுத்திவிடலாம் என்று எவரும் எண்ணலாகாது. அழுத்தம் சரியாக இருப்பது மருந்து வேலை செய்வதன் அடையாளம். அதைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் பொறுப்பு. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம், இரத்த அழுத்த மாத்திரைகளை வீடு தேடிக் கொண்டுசேர்ப்பதற்காகவே ஏற்பட்டது.

படுக்கையிலிருந்து எழும்போது தலை சுற்றினால் அதை மருத்துவரிடம் கூற வேண்டும். முதியோருக்கு எழுந்து நின்றவுடன் அழுத்தம் திடீரெனக் குறைவதுண்டு. மூட்டு வலிக்காகக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகளுள் பல, இரத்த அழுத்தத்தை உயர்த்துபவை, சிறுநீரகத்தையும் கெடுப்பவை. மதுவும் அழுத்தத்தை உயர்த்துகிறது. புகையிலை இரத்தக் குழாய்களைக் கெடுத்துப் பக்கவாதத்திற்கு வழி செய்கிறது. வயிற்றுப்போக்கு கண்ட காலத்தில் மட்டும், உப்பு ஆகாது என்று கருதி உப்புச் சர்க்கரைக் கரைசலை மறுத்துவிடலாகாது. அது உயிர் காக்கும் மருந்து.

ஊராட்சி செய்யத்தக்கவை

இவற்றுள் ஊராட்சிக்கு என்ன பங்கு என்று கேட்பீர்களாயின், சிலவற்றைக் கூறுவோம்.

முதலாவதாக, ஊரில் உள்ள முதியோர் அனைவருக்கும் இரத்த அழுத்தம் அளக்கப்பட வேண்டும். கிராம சபை கூடும் நாட்களில் ஆரம்ப சுகாதார நிலையத்தாரை அழைத்து இதற்கு ஏற்பாடு செய்யலாம். அளப்பதற்கு அரைமணி முன்பிருந்து காப்பி, டீ, புகையிலை கூடா. ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்த பிறகே, கையை இருதய மட்டத்தில் வைத்து அளக்க வேண்டும். நடந்து வந்த களைப்போடு அளந்த எண் மெய்யான எண்ணாகாது. நடக்க இயலாதவர்களின் பெயர்களைக் குறித்து, அவர்கள் வீட்டுக்கே செவிலியர் செல்லுமாறு செய்தல் வேண்டும்.

இரண்டாவதாக, மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டத்தில் மேற்கூறிய உப்புக் கணக்கை ஒருமுறை போட்டுக் காட்டச் செய்யலாம். அப்பளமும் ஊறுகாயும் செய்து விற்கும் குழுக்கள் உப்பைச் சற்றுக் குறைத்துத் தயாரிக்க முன்வரலாம். ஊறுகாய்க்கு உப்பே காப்பு ஆதலின், சிறு அளவில் செய்து விரைவில் விற்றுவிடுவது அதற்கேற்ற வழி.

மூன்றாவதாக, கோயில் அன்னதானத்திலும் ஊர்ப் பொது விருந்துகளிலும் இலையின் ஓரத்தில் உப்பு வைக்கும் வழக்கத்தைக் கேட்டவர்க்கு மட்டும் என்று மாற்றலாம்.

நான்காவதாக, பொது நிலத்திலும் குடிநீர்க் குழாயடியில் வீணாகும் நீரைக் கொண்டும் முருங்கையும் வாழையும் கீரையும் வளர்த்து, முதலில் தனித்து வாழும் முதியோருக்கு வழங்க ஏற்பாடு செய்யலாம். இதற்குப் பெருந்தொகை வேண்டியதில்லை. பொறுப்பேற்க ஒருவர் வேண்டும்.

அன்பர்களே! நம்மை வளர்த்தவர்களின் உப்பைத் தின்று வளர்ந்தவர்கள் நாம். "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்று நம் முன்னோர் கூறினர். இன்று அவர்கள் இலையில் விழும் உப்பைக் குறைப்பதே அந்த நன்றியைச் செலுத்தும் வழியாக அமைந்திருக்கிறது. இன்று வீடு திரும்பியதும் உப்புச் சாடியை எடுத்து, அது எத்தனை நாளைக்கு வருகிறது என்று தாய்மார்களோடு சேர்ந்து கணக்கிட்டுப் பாருங்கள். அடுத்த மாதம் அதே சாடி இன்னும் ஒரு வாரம் கூடுதலாக வருமாறு செய்யுங்கள். உறுப்பினர்கள் தத்தம் வார்டில் உள்ள முதியோரின் பெயர்ப் பட்டியலை அடுத்த கூட்டத்திற்குள் தயாரித்துக்கொண்டு வருவார்களாக என்று கேட்டுக்கொண்டு, இவ்வுரையை முடித்துக்கொள்கிறோம்.